காலம் பிழையாத சைக்கிள்



இப்பகுதிக்கு மாதந்தோறும் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை தையல் இயந்திரம், சுவர்க் கடிகாரம், மின்விசிறி முதலிய வீட்டுப் பொருள்களின் பழுதைப் பற்றியனவாக இருக்கும். இம்மாதம் நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் எழுதியுள்ள கடிதம் வேறு வகையானது. அவருடைய மகன் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பணிபுரிகிறார். 1980களின் தொடக்கத்தில் செய்யப்பெற்ற பழைய மலைச் சைக்கிள் ஒன்றை அங்கே விலைக்கு வாங்கி, ஓராண்டாக அதனைச் சீர்படுத்தி வருகிறாராம். தந்தையின் குறை இது: “புதிய வண்டி இரண்டு வாங்கும் பணம் இதற்குள் செலவாகிவிட்டது. கடையில் கிடைக்கும் நல்ல பிரேக்கைப் போட மறுக்கிறான். அந்த ஆண்டிலேயே செய்த பிரேக்தான் வேண்டும் என்று தேசம் தேசமாகத் தேடுகிறான். தேய்ந்துபோன பழைய செயினையும் எறியாமல் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். இது கலையா, கிறுக்கா? தடுப்பதா, விட்டுவிடுவதா?”

இதனைச் சிரித்துத் தள்ளிவிடுவது எளிது. ஆயினும், கடிதத்தின் அடியில் ஒரு தந்தையின் கவலை இருக்கிறது. மகனுடைய உழைப்பும் இருக்கிறது. இரண்டுக்கும் மதிப்பளித்து விடை கூற வேண்டுமாயின், அந்த வண்டி யாது, அது எவ்வாறு பிறந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்னும் வட்டாரம் உள்ளது. அங்கே டமால்பாயிஸ் என்ற மலை எழுந்து நிற்கிறது. 1970களில் அவ்வூர் இளைஞர் சிலர், 1930களிலும் 1940களிலும் சிகாகோ நகரத்து ஷ்வின் கம்பெனி செய்த பழைய கனத்த சைக்கிள்களைத் தேடிப் பிடித்தனர். 1933-ஆம் ஆண்டில் அக்கம்பெனி அறிமுகப்படுத்திய பருத்த டயர்கள் அவற்றுக்குப் பொருந்துவன. இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள அந்த டயர்கள் கல்லும் மண்ணுமான பாதையில் அதிர்ச்சியைத் தாங்கின. இளைஞர்கள் மட்கார்டையும் அலங்காரத் தகடுகளையும் கழற்றி எறிந்துவிட்டு, தீயணைப்பு வண்டிகளுக்காக மலையில் வெட்டிய மண்பாதைகளில் அவற்றை ஓட்டிப் பழகினர்.

அவ்வட்டாரத்து மண்பாதை ஒன்றில் 1976 அக்டோபர் 21 அன்று முதற் பந்தயம் நடைபெற்றது. ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்துக்குள் சுமார் 1,300 அடி இறங்கும் பாதை அது. அந்தப் பழைய வண்டிகளில் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே இருந்தது. மலையடிவாரத்தை அடைவதற்குள் பிரேக் காய்ந்து, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடியும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைத்தாலன்றி அடுத்த ஓட்டத்துக்கு வண்டி உதவாது. ‘மீண்டும் அடைத்தல்’ என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்ற ஆங்கிலச் சொல்லே அப்பாதைக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

குறை தெரிந்த இடத்தில் கைவினை பிறக்கிறது. ஹப் பிரேக் போதாமையால் டிரம் பிரேக் வந்தது. அதனை அழுத்திப் பிடிக்க மோட்டார் சைக்கிளின் பிரேக் கைப்பிடி வந்தது. ஏறுவதற்காகச் சாலைப் பயண வண்டியின் கியர் வந்தது. பழைய பிரேம்கள் இந்த உழைப்பைத் தாங்காமல் ஒடிந்தபோது, ஜோ பிரீஸ் என்பவர் 1977-இல் குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகுக் குழாய்களைக் கொண்டு மலைக்கென்றே புதிய பிரேம் ஒன்றைச் செய்தார். 1979-இல் டாம் ரிச்சி செய்த பிரேம்களைக் கொண்டு கேரி பிஷர், சார்லி கெல்லி ஆகிய இருவரும் வண்டிகளைக் கோத்து விற்கலாயினர். ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஜப்பானில் செய்வித்து 1981-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்ற வண்டிதான், தொழிற்சாலையில் பெருமளவில் உருவாகிய முதல் மலைச் சைக்கிள் என்று கருதப்படுகிறது. பதினைந்து ஆண்டுகளுக்குள், 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் பந்தயங்களில் மலைச் சைக்கிள் ஓட்டம் இடம்பெற்றுவிட்டது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. தொடக்க காலத்து மலைச் சைக்கிளில் மலைக்கென்று செய்யப்பெற்ற உறுப்பு மிகச் சிலவே. முதல் ஸ்டம்ப்ஜம்பரில் இருந்த கிராங்க், பிரெஞ்சு நாட்டு டி.ஏ. கம்பெனி நெடும்பயணம் செல்வோருக்காகச் செய்தது. பிரேக், அதே நாட்டு மஃபாக் கம்பெனியுடையது. பிரேக் கைப்பிடிகள் மோட்டார் சைக்கிள் வகையைச் சேர்ந்தவை. கியர் மாற்றும் உறுப்பு ஜப்பானின் சன்டூர் கம்பெனியுடையது. கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் கொண்டு ஒரு புதிய பொருளைச் சமைத்தார்கள். 1982-ஆம் ஆண்டிலேதான் ஜப்பானிய ஷிமானோ கம்பெனி ‘டியோர் எக்ஸ்டி’ என்ற பெயரில் மலைச் சைக்கிளுக்கென்றே ஓர் உறுப்புத் தொகுதியை வெளியிட்டது. கிளிக், கிளிக் என்று படிப்படியாக விழும் கியர் அத்தொகுதிக்கு 1987-இல் வந்தது. முன்சக்கரத்துக்கு அதிர்ச்சி தாங்கும் போர்க் கடைக்கு வந்தபோது 1980களே முடிந்துவிட்டன.

ஆகவே, 1982-ஆம் ஆண்டு வண்டி ஒன்றில் 1987-ஆம் ஆண்டுக் கியரைப் பூட்டினால், பார்ப்பவர் கண்ணுக்கு அதுவும் பழையதாகவே தோன்றும். ஓட்டுவதற்கோ இன்னும் சுகமாகவே இருக்கும். ஆனால், “மலைக்கென்று ஒன்றும் செய்யப்படாத காலத்தில் இதனை எப்படிச் செய்தார்கள்?” என்ற கேள்விக்கு அந்த வண்டி அதன்பின் விடை சொல்லாது. சாட்சி வாய்மூடிவிடும். காலத்துக்கு உரிய உறுப்பைத் தேடி அலைவோரின் பிடிவாதத்துக்குக் காரணம் இதுவே.

நம்மவருக்கு இது விளங்காத நெறியன்று. உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தபோது, சிதைந்த இடங்களில் தம் புலமையைக் காட்டி ஒரு சொல்லை இட்டு நிரப்பிவிட வல்லவராகவே இருந்தார். அவ்வாறு செய்தாரில்லை. பாடபேதங்களைக் குறித்தார், சிதைந்ததைச் சிதைந்ததென்றே காட்டினார். பதிப்பை நாம் நம்புவது அதனால்தான். பழைய வண்டியைச் சீர்படுத்துவோனும் ஒருவகையில் பதிப்பாசிரியனே.

இனி, வேலை நடைபெறும் முறையைக் காண்போம். முதற்காரியம், வண்டியின் வயதை அறிதல். பிரேமில் பொறித்த எண், அக்காலத்து விலைப் பட்டியல்கள், பழைய புகைப்படங்கள் ஆகிய மூன்றும் துணை செய்யும். உறுப்புகளும் தம் வயதைத் தாமே கூறுவதுண்டு. ஷிமானோ உறுப்புகளின் பின்புறத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதலெழுத்து ஆண்டு; இரண்டாவது மாதம். 1976-ஆம் ஆண்டுக்கு ‘ஏ’ என்று தொடங்கி வரிசையாக எண்ணினால் 1982-க்கு ‘ஜி’ வரும். மாதங்களில் ஜனவரிக்கு ‘ஏ’, மே மாதத்துக்கு ‘இ’. ஆகவே ‘ஜி இ’ என்றிருந்தால் 1982 மே மாதம் செய்தது. வண்டியின் ஆண்டுக்குப் பிந்திய உறுப்பு ஒன்று இருந்தால், அது இடையில் யாரோ மாற்றியது என்று தெரிந்துகொள்ளலாம்.

கிடைப்பதற்கு அரிய பொருள்கள் எவை என்று கேட்டால் விடை வியப்பளிக்கும். விலையுயர்ந்த கிராங்கும் ஹப்பும் தேடினால் அகப்பட்டுவிடும். அவற்றை எவரும் எறிவதில்லை. அந்நாளில் அற்ப விலைக்கு விற்ற டயர், பிரேக் கட்டை, கைப்பிடி ரப்பர் ஆகியவைதாம் அருமை. தேய்ந்தவுடன் குப்பைக்குப் போவதே அவற்றின் விதி. மேலும், மஃபாக் கம்பெனி 1980களிலேயே தொழிலை நிறுத்திவிட்டது. எனவே ஒரு ஜோடிப் பிரேக் கட்டைக்காகத் தங்கள் மகன் ஐரோப்பாவுக்கு எழுதிக் கேட்டிருப்பாராயின் அதில் வியப்பில்லை.

“புதியதைக் கொஞ்சம் ராவி மாட்டினால் என்ன?” என்று நம் ஊர்க் கடைக்காரர் கேட்பார். பல இடங்களில் அது நடவாது. சீட்டைத் தாங்கும் தண்டின் குறுக்களவு அந்நாளில் வண்டிக்கு வண்டி வேறுபட்டது. 26.4, 26.6, 26.8 மில்லிமீட்டர் என்று ஐந்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அளவுகள் இருந்தன. ஓரளவு குறைந்ததைச் செருகினால் ஆடும். மிகுந்ததை அடித்து இறக்கினால் குழாய் பிளக்கும். பின்சக்கரம் அமரும் இடைவெளியும் பிற்காலத்து வண்டிகளைவிட அக்காலத்தில் குறுகியது. பின்னாளில் வழக்கமான 135 மில்லிமீட்டர் ஹப்பை வலிந்து நுழைத்தால், நாற்பது ஆண்டுகள் நேராக நின்ற பிரேம் கோணிக்கொள்ளும்.

சீட்டுத் தண்டு என்றவுடன் மற்றொரு சங்கடமும் நினைவுக்கு வருகிறது. தண்டு அலுமினியம், குழாய் எஃகு. இரண்டுக்கும் இடையே வியர்வையும் மழைநீரும் புகுந்தால் அலுமினியம் அரித்து ஒருவகை வெண்பொடியாகிறது. அப்பொடி உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், தண்டு குழாயோடு இறுகிவிடும். இவ்விடத்தில் பலத்தைக் காட்டுபவன் பிரேமை இழப்பான். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சு இருக்கும் அடிப்பக்கத்து வழியே ஊடுருவும் எண்ணெயை விட்டு, நாள்தோறும் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்க வேண்டும். வெப்பத்தில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். குளிரில் அவ்வாறே மிகுதியாகச் சுருங்கும். ஆகவே தண்டைக் கடுமையாகக் குளிர்வித்துத் திருப்புவது பயன் தரும். ஒரு தண்டை எடுக்க ஒரு மாதம் ஆனாலும் அதனை வீண் என்று எண்ணலாகாது.

துருவை நீக்குவதிலும் பொறுமையே முதல் மருந்து. குரோமியம் பூசிய கைப்பிடியில் படிந்த லேசான துருவை, அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தாலே நீக்கிவிடலாம். பிரேமின் வர்ணமோ வேறு விஷயம். மணலைப் பீய்ச்சித் துப்புரவு செய்து புது வர்ணம் அடித்துவிட்டால் வண்டி பளபளக்கும். ஆனால் பழைய வர்ணமும் எழுத்தும் கீறல்களும் ஒரேயடியாகப் போய்விடும். கோயிற் சுவர்களில் மணல் பீய்ச்சியதால் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிய கதையை நாம் அறிவோம். அசல் வர்ணம் பாதியேனும் எஞ்சியிருந்தால், கழுவி, மெழுகு பூசி, அப்படியே விடுவது நலம். வர்ணம் முற்றும் அழிந்து, துரு எஃகைத் தின்னத் தொடங்கியிருந்தால் மட்டும் புது வர்ணம் தகும்.

இனி, தந்தையின் கவலைக்கு வருகிறேன். பணச் செலவைப் பற்றி அவர் கேட்டிருக்கிறார். அதனினும் முக்கியமான கேள்வி ஒன்றை அவர் கேட்கவில்லை: “இந்த வண்டியை நீ மலையில் ஓட்டப் போகிறாயா, சுவரோரம் நிறுத்தப் போகிறாயா?”

காலம் பிழையாமை என்ற நெறிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை ஓட்டுபவனின் உயிர். நாற்பது ஆண்டு ரப்பர், கையால் தொடாமல் வைத்திருந்தாலும் முதுமை அடைந்தே இருக்கும். காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் அதனை வெடிக்கச் செய்யும். பெட்டியைவிட்டு வெளிவராத புத்தம்புதிய பழைய டயர் கண்ணுக்கு அழகு, இறக்கத்தில் எமன். பழைய பிரேக் கட்டை கல்லாக இறுகியிருக்கும். பிடிப்பதுபோல் தோன்றும், நிற்காது. எல்லாவற்றிலும் வஞ்சகமானது அலுமினியக் கைப்பிடிக் கம்பியும் அதனைத் தாங்கும் தண்டும். எஃகுக்கு ஒரு தாங்கும் எல்லை உண்டு. அதற்குட்பட்ட அதிர்ச்சிகளை அது எத்தனை முறையும் பொறுக்கும். அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. சிறு அதிர்ச்சிகளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கீறலாக வளர்ந்து, ஒருநாள் முன்னறிவிப்பின்றி ஒடிந்துவிடும். முந்திய சொந்தக்காரர்கள் அதனை எப்படி ஓட்டினார்கள் என்பது நமக்குத் தெரியாதல்லவா?

எனவே, அனுபவமுள்ளோர் கைக்கொள்ளும் வழி இரட்டைத் தொகுதி முறை. டயர், பிரேக் கட்டை, பிரேக் கம்பி, தேவையானால் கைப்பிடிக் கம்பியும் ஆகியவற்றில் புதியனவாக ஒரு தொகுதி, அது ஓட்டுவதற்கு. அசல் உறுப்புகள் மற்றொரு தொகுதி. சீட்டுக் கட்டி, பெட்டியில் வைத்து, கண்காட்சி நாளில் மட்டும் பூட்டுவதற்கு. இதனால் வண்டியின் உண்மை கெட்டுவிடாது. அன்றைய பந்தயக்காரர்களே ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் ஹப்பில் புதுக் கிரீஸ் அடைத்தவர்கள் அல்லவா? பின் ஹப்பைப் பிரித்து, கோன்களைப் பார்த்து, பக்கத்துக்கு ஒன்பதாகக் கால் அங்குலப் புதுப் பால்ரஸ் இட்டு, புதுக் கிரீஸ் வைப்பதை எந்தப் பழமைவாதியும் குறை கூறமாட்டான். தேய்வதற்கென்றே பிறந்த பொருள் தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். மாற்றியதை மறைக்காமல் எழுதி வைத்தால் போதும்.

அந்தத் தேய்ந்த செயினை டப்பாவில் வைத்திருப்பதற்கும் காரணம் இதுவே. அது ஓட்டத்துக்கு உதவாது. எந்தச் செயின் அங்கே இருந்தது என்பதற்குச் சான்றாக உதவும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். இதனை முதலீடு என்று எண்ணிச் செய்பவர் ஏமாறக்கூடும். போட்ட பணம் பெரும்பாலும் விற்கும்போது திரும்புவதில்லை. அசல்போலச் செய்த போலி எழுத்துத் தகடுகளும் உறுப்புகளும் விற்பனையில் உலவுகின்றன. அவற்றை அறிந்து வாங்கினால் குற்றமில்லை, அசலென்று நம்பி வாங்கினால் நஷ்டம். இன்னொன்று: தன் வண்டிக்கு ஓர் உறுப்பு வேண்டுமென்பதற்காக, முழுமையாக இருக்கும் வேறொரு பழைய வண்டியை வாங்கிப் பிரித்துவிடுவோர் உண்டு. ஒரு சாட்சிக்கு உயிர் கொடுக்க மற்றொரு சாட்சியைக் கொல்லும் அச்செயலை நான் ஒப்பேன். பிரேம் உடைந்த வண்டியின் உறுப்பையே நாடுதல் தகும்.

ஆகவே கடிதம் எழுதிய அன்பருக்கு என் யோசனை இது. தடுக்க வேண்டாம்; ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பிரேக்கையும் டயரையும் பற்றி விசாரியுங்கள். தாங்கள் சைக்கிளில் அலுவலகம் சென்ற தலைமுறையைச் சேர்ந்தவர் என்று கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். சக்கரத்தின் கோட்டம் எடுக்கவும், கோனை இறுக்கமும் தளர்வும் இன்றி வைக்கவும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். அவ்வறிவு தங்கள் மகனுக்கு இப்போது வேண்டியிருக்கிறது. பணத்தைப் பற்றிப் பேசும் பேச்சைவிடப் பால்ரஸைப் பற்றிப் பேசும் பேச்சு இருவருக்கும் இனிக்கும்.

மற்ற அன்பர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஊரில் பூட்டிக் கிடக்கும் நம் பூர்வீக வீடுகளின் பின்கட்டில் அப்பாவின் சைக்கிளோ தாத்தாவின் சைக்கிளோ சாய்ந்து நிற்கக்கூடும். 1949-இல் தொடங்கப்பெற்ற அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையின் ஹெர்குலிஸ் வண்டியாக இருக்கலாம்; அதற்கும் முந்திய சீமை ராலேயாகவும் இருக்கலாம். மூன்று கியர் உள்ள வண்டியாயின், பின் ஹப்பைத் துடைத்துப் பாருங்கள். ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற பெயரோடு, செய்த ஆண்டின் கடைசி இரண்டு எண்களும் மாதமும் பல ஹப்புகளில் பொறித்திருக்கும். பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் அல்லது கடைக்காரரிடம் ‘ஓவராயில்’ செய்யக் கொடுக்குமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். எல்லாப் பக்கத்திலிருந்தும் புகைப்படம் எடுங்கள். கழற்றும் உறுப்பு ஒவ்வொன்றிலும் இடத்தைக் குறித்துச் சீட்டுக் கட்டுங்கள். வர்ணம் அடிக்க மட்டும் அவசரப்படாதீர்கள்.

வர்ணம் என்றைக்கு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். ஒருமுறை சுரண்டி எறிந்த பழைய வர்ணத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அடுத்த மாதம், சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரங்களைப் பற்றி வந்துள்ள மூன்று கடிதங்களுக்கு விடை கூறுகிறேன்.